செருப்பைக் கழற்றாதே, அக்கா

இதை எழுதாமலே விடத்தான் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் பாதிப் படிப்பு, ரொறன்ரோவில் பாதிப் படிப்பு. இரண்டையும் ஒட்டிப் பார்த்தும் ஒரு முழுப் படிப்பு வராத ஆள் நான். எழுத்து நமக்கு எதற்கு என்று சும்மா இருந்தேன். ஆனால் போன கிழமை லண்டன் மாமா வீடியோவில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கு நாங்கள் எல்லாரும் கவனமா இருந்தபடியாத்தான், அக்கா, ஒண்டும் நடக்கேல்ல" என்றார். நாங்கள் எல்லாரும்! சோபாவில் படுத்திருந்த நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். அதோடு பனியும் கரைந்துவிட்டது. அத்தான் ட்ரெய்லரின் மூடுசீலையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். இனியும் பேசாமல் இருந்தால் மாமாவின் கதைதான் சரித்திரம் ஆகிவிடும்.

அத்தான் என்றது என் அக்காவின் கணவர். மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. ஊரிலுள்ள எல்லோரையும் எங்கெங்கோ அனுப்பிவிட்டுத் தான் மட்டும் எங்கும் போகாத மனிதர். போன வருடம் அக்கா வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவருக்கு ஓர் ஆசை வந்தது. பிள்ளை பிறக்க முதல் அவளை ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் சும்மா வைத்திருக்க வேண்டும். அக்காவுக்கு அதற்கு முந்திய பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. ஆனால் அவள் படி இறங்கினால் எல்லோருடைய கண்ணும் அவளுடைய காலில்தான் இருக்கும்.

கூடாரம் கட்டி நிலத்தில் படுக்க அவளால் ஏலாது என்று அத்தான் ஒரு பழைய ட்ரெய்லர் வாங்கினார். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், சுடுதண்ணீர்த் தாங்கி எல்லாம் உள்ளே இருக்கும். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகலாம். வெளிப்புறம் முழுக்கத் தகரம். "அத்தான், இது வீடோ, பிஸ்கட் ரின்னோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். அதனால் அவரை நான் அதிகம் வதைப்பதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் லண்டன் மாமா விடுமுறையில் வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. லண்டனில் சொந்தமாக இப்படியொன்று வைத்திருக்கிறார். ட்ரெய்லர் என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார்.

"தம்பி, உதைக் கரவன் எண்டு சொல்லும். நான் பிரான்சுக்குக் கொண்டுபோய்க் கரண்ட் குடுத்திருக்கிறன், ஜேர்மனியில குடுத்திருக்கிறன். கனடா என்ன பெரிய விசயமே? கரண்ட் வேலையை என்னட்ட விடும்."

அத்தான் விட்டார். வயதில் மூத்தவர் கேட்டால் அத்தான் எதையும் விடுவார்.

எங்கள் வீடு ரெக்ஸ்டேலில் இருக்கிறது. பழைய வீடு. ட்ரெய்லர் கராஜுக்குப் பக்கத்துப் புல்லில் நின்றது. கராஜுக்குள் இருந்த ஒரேயொரு பிளக் பொயின்ற் வீடு கட்டிய காலத்தது. அதில் இரண்டு துளைதான். மாமா கையில் வைத்திருந்த எக்ஸ்ரென்ஷன் வயரின் தலையில் மூன்று பின். தட்டையான இரண்டு, உருண்டையான ஒன்று. மாமா துளையைப் பார்த்தார், பின்னைப் பார்த்தார். பிறகு அத்தானின் கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்து அந்த உருண்டைப் பின்னை நறுக்கென்று வெட்டிவிட்டார். அது ஓடிவந்து என் காலடியில் விழுந்தது.

"மாமா, உங்கட பல்லு விழுந்திட்டுது" என்று எடுத்து நீட்டினேன்.

"அதை நீயே வைச்சிரு. மருமோன், ஊரில ரெண்டு பின் ரேடியோவை மூண்டு துளைப் பொயின்ரில என்னெண்டு கொழுவுறனாங்கள்?"

"மேல் துளைக்குள்ள பேனையை விட்டு."

"ஏன் பேனை?"

"அப்பத்தான் கீழ்த்துளை ரெண்டும் திறக்கும்."

"ஆ! அப்ப மூண்டாவது பின்னின்ர வேலை என்ன? கதவு திறக்கிறது. லண்டனிலயும் அதே பொயின்ற்தான், அதே கதவுதான். இஞ்ச பார், துளைக்குக் கதவே இல்லை. கதவில்லாத வீட்டுக்கு என்னத்துக்கடா திறப்பு?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது மிகவும் சரியாகப்பட்டது. ஊரில் பேனையால் குத்திக் குத்தி வளர்ந்த எவனுக்கும் சரியாகத்தான் படும். அத்தான்கூடத் தலையாட்டினார். மாமா அதற்கு மேலும் ஒன்று சொன்னார்: "எங்கட அங்கத்தைக் கரண்ட் இருநூற்று முப்பது. இது அதில அரைவாசி. இது ஆளைக் கொல்லாது, கூச்சம்தான் காட்டும்." அந்தப் பின்னை நான் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பூசை சனிக்கிழமை காலை என்று அம்மா முடிவுசெய்தார். புதிதாக வண்டி வாங்கினால் எங்கள் ஆட்கள் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். ட்ரெய்லரை அவ்வளவு தூரம் இழுத்துப்போய், அந்தச் சனத்துக்குள் திருப்பி நிறுத்த அத்தானுக்குப் பயம். ஆகவே வீட்டிலேயே பொங்கி, தேங்காய் உடைத்து, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஆரத்தி சுற்றுவது. அதற்குப் பிறகு அக்கா வலது காலை வைத்து முதலில் ஏறுவது. முதலில் ஏறுவது பிள்ளைத்தாச்சியாக இருந்தால் நல்லது என்று அம்மா சொன்னார். அது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டு நான் ஒரு குட்டு வாங்கினேன்.

வெள்ளி இரவு நல்ல மழை. சனி காலை மாமா ட்ரெய்லருக்குள் சவரம் செய்ய ஆசைப்பட்டு, சுடுதண்ணீர்த் தாங்கியை முதன்முதலாகப் போட்டார். நான் கராஜுக்குள் போய் வயரைக் கழற்றினேன். உள்ளே வெளிச்சம் போனது. "என்னடா இது?" என்று சத்தம் கேட்டது. திரும்பக் கொழுவினேன். வெளிச்சம் வந்தது. மாமா திருப்புளியோடு விளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்து, பூட்டி, "லூஸ் கனெக்சன், சரிப்படுத்திட்டன்" என்று அத்தானிடம் சொல்லும்வரை பொறுத்திருந்து மறுபடியும் கழற்றினேன். சிரிப்பை அடக்க முடியாமல் கராஜிலேயே பிடிபட்டேன். ஒரு கன்னத்தில் சவர நுரையோடு மாமா வந்து, வயரைக் கொழுவி, இணைப்புகளைச் சுற்றித் தடித்த ஒட்டுநாடா ஒட்டி, கராஜைப் பூட்டித் திறப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இனி வந்து கழட்டு பாப்பம்."

அந்த நேரம் எனக்கு அதுவும் பகிடியாகத்தான் இருந்தது.

அம்மா என்னைச் சில்லுக் கழுவச் சொன்னார். பூசை வேலை, ஆகையால் செருப்பைக் கழற்றிவிட்டு ஹோஸ் பைப்போடு புல்லில் இறங்கினேன். முன்சில்லைக் கழுவி நிமிரும்போது வலது முன்கையின் வெளிப்பக்கம் கதவோரத்துக் கைபிடியில் பட்டது. பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, உரசியது. யாரோ உள்ளேயிருந்து என் கையைப் பிடித்து எறிந்த மாதிரி இருந்தது. பைப் ஒரு பக்கம் போய்ப் பாம்பாக ஆடியது. தோளுக்குள் எறும்பு ஓடியது. என் பல்லே என் நாக்கைக் கடித்துவிட்டது.

கொஞ்ச நேரம் புல்லிலேயே இருந்தேன். வயர் கராஜ் கதவின் அடியால் போவது தெரிந்தது. பையில் இருந்த பின் தொடையில் குத்தியது. முன்கையில் உரசியதற்கே இப்படி. அக்கா உரசமாட்டாள். அந்தப் படி உயரம். வயிற்றோடு ஏறுகிறவள் கைபிடியை இறுக்கிப் பிடித்துத்தான் ஏறுவாள். வெறுங்காலோடு. ஆரத்தித் தண்ணீரை அம்மா அவள் ஏறுகிற இடத்திலேயே ஊற்றுவார்.

வீட்டு வாசலுக்கு ஓடினேன். "மாமா, ட்ரெய்லர் அடிக்குது. திறப்பைத் தாங்கோ."

"மூண்டாந்தரமும் கழட்டவோ?"

"பகிடி இல்லை மாமா. தகரம் முழுக்கக் கரண்ட் நிக்குது. என்ர கையைப் பாருங்கோ."

கையில் ஒன்றும் இல்லை. சவர்க்கார நுரை மட்டும் இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சாமி காரியத்தில விளையாடாத மோனை. போன மாசம் உப்பிடித்தானே பாத்ரூமுக்குள்ள பாம்பெண்டனி."

"அது வேற அம்மா. இது உண்மை."

"அதையும் உண்மை எண்டுதான் சொன்னனி."

அத்தான்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு முதன்முதலாக எனக்குக் கோபம் வந்தது.

மாமா எழும்பினார். "வாங்கோ எல்லாரும். நான் தொட்டுக் காட்டுறன்." விறுவிறுவென்று நடந்துபோய் இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்தார். நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்து பார்த்தால் மாமா கைபிடியைப் பிடித்து ஆடிக்கொண்டு நிற்கிறார். காலில் தடித்த ரப்பர் அடி வைத்த சப்பாத்து. "எங்க கரண்ட்? என்னைக் கண்டு ஓடிட்டுதோ?" என்று உள்ளே ஏறினார், இறங்கினார், தகரத்தில் மேளம் தட்டினார். அத்தான் தன் வேலைச் சப்பாத்தோடு போய்த் தொட்டார். அவருக்கும் ஒன்றும் இல்லை.

"செருப்பு, சப்பாத்துப் போட்டா அடிக்காது. வெறுங்காலோடதான் அடிக்கும்" என்றேன்.

"ஓமோம். பேய்க்கும் கால் நிலத்தில படாது" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். என் வாயால் வந்த உண்மைக்கு என் பகிடிக்குக் கிடைக்கிற சிரிப்பே கிடைத்தது.

வயரைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஒட்டுநாடா, அசையவில்லை. ஈரக் கையோடு என்ன செய்கிறேன் என்று உறைத்ததும் விட்டுவிட்டு, என் நண்பனை அழைத்தேன். அவன் மட்டக்களப்புக்காரன். மின்சார வேலை பழகுகிற வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் பாதியில் விட்டேன், அவன் விடவில்லை. இப்போது ஒரு மின்வேலைக்காரரோடு நிற்கிறான்.

"என்ன மச்சான்?"

"ட்ரெய்லர்த் தகரம் அடிக்குது. ஈரப் புல்லு."

"வயர்ல மூண்டாவது பின் இரிக்கா?"

"வெட்டியாச்சு. என்ர பொக்கற்றுக்குள்ள கிடக்கு."

"ஆக்கள் செருப்போடயா, வெறுங்காலா?"

"பூசை."

"அப்ப வெறுங்கால். கேளு. உள்ளுக்கு நிக்கிறவருக்கு ஒண்டுமில்ல. வெளிய சப்பாத்தோட நிக்கிறவருக்கும் தெரியாது. ஒரு கால் ஈரத்தில, ஒரு கை தகரத்தில, அந்த ஆளுக்குத்தான். இறுக்கிப் பிடிச்சா விரல் மடங்கிரும், விடேலா. வயரை இழுக்காத. சப்பாத்தைப் போட்டுக்கு ஓடிப்போய் மெயினை விழுத்து. மறுகா எனக்குப் போன் எடு."

திரும்பினால் அக்கா வாசலில் நிற்கிறாள். சேலை கட்டி, பூ வைத்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, செருப்பைக் கழட்டாத!"

"கற்பூரத்துக்கு முன்னால செருப்போட நிக்கச் சொல்லுறியோ? விசரா?"

"சத்தியமா அக்கா. கைபிடியைப் பிடிக்காத. பிள்ளை மேல..."

அந்த வசனத்தை முடிக்கவில்லை. பிள்ளை மேல் சத்தியம் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். அக்காவின் முகம் மாறிவிட்டது. "உந்த விளையாட்டு மட்டும் என்னோட வேண்டாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என்னைத் தாண்டி இறங்கினாள்.

வாசலில் கிடந்த யாருடைய சப்பாத்துக்குள்ளோ காலை விட்டேன். இடம் வலம் மாறிவிட்டது. அப்படியே பேஸ்மென்ட் படியில் பாதி ஓடி, பாதி விழுந்து போனேன். என் அறை அங்கேதான் இருக்கிறது. கரண்ட் பெட்டியும் அங்கேதான், நான் குளிருக்குப் போடுகிற ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால். ஜாக்கெட்டுகளைப் பிடுங்கி எறிந்தேன். பெட்டியைத் திறந்தால் இரண்டு வரிசைச் சுவிட்சுகள்; எது கராஜ் என்று ஒன்றிலும் எழுதியில்லை. மேலே கூரைக்கு அப்பால் மணிச் சத்தம் கேட்டது. தேங்காய் உடைந்தது. அம்மா தேவாரம் தொடங்கினார். எல்லாவற்றுக்கும் மேலே தடித்த சுவிட்ச் ஒன்று இருந்தது, மெயின். ஒரு விரலால் இழுத்தேன், வரவில்லை. சட்டையால் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் இழுத்தேன். டக்.

முழு இருட்டு. அந்த இருட்டுக்குள் மேலே ஒரு பெண்குரல் "ஐயோ" என்று கத்தியது.

அம்மாவா, அக்காவா என்று தெரியவில்லை. கரண்ட் நின்றதற்குக் கத்தியதா, கரண்ட் பிடித்ததற்குக் கத்தியதா என்றும் தெரியவில்லை. படிகளைக் கையாலும் காலாலும் ஏறினேன். ஒரு சப்பாத்து வழியில் கழன்றுவிட்டது. பக்கவாசலைத் தள்ளித் திறந்தேன்.

அக்கா ட்ரெய்லர் வாசலில் நின்றாள். வலது கால் படியில், இடது கால் மஞ்சள் தண்ணீர் தேங்கிய புல்லில். கை கைபிடியைச் சுற்றி இறுகியிருந்தது. அவள் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். போய்த் தொட என் கால் வரவில்லை. அத்தான் அவளுக்குப் பின்னால் கற்பூரத் தட்டோடு நின்றார்.

பிறகு அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"டேய், அம்மான்ர அடுப்பு நிண்டுட்டுதாம், உள்ளுக்க நிண்டு கத்துறா. பொங்கல் பாதியில கிடக்கு. என்னத்தைச் செய்தனி?"

நான் ஏதோ சொல்லப் போனேன், அழுகைதான் வந்தது. ஒற்றைக் காலில் மற்றச் சப்பாத்தோடு வாசலில் குந்தி அழுதேன். யாரும் சிரிக்கவில்லை. நான் அழுது அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

அத்தான்தான் முதலில் அசைந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கையைக் கைபிடியிலிருந்து எடுத்து, அவளைச் சுற்றிப் பிடித்துக் கொங்கிரீற்றுக்குக் கொண்டுவந்து விட்டார். பிறகு மாமாவிடம் கையை நீட்டினார். "திறப்பைத் தாங்கோ."

"தம்பி, உவன்ர பேச்சைக் கேட்டு..."

"திறப்பைத் தாங்கோ மாமா."

அத்தான் மூத்தவரிடம் இரண்டாம் முறை கேட்டதை அன்றுதான் பார்த்தேன். கராஜைத் திறந்து, ஒட்டுநாடாவைப் பிய்த்து, வயரைக் கழற்றி, அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மெயினைப் போடலாம் என்றார். அதுவரை பூசை நின்றது, பொங்கல் பாதி வெந்தபடி ஆறிக் கிடந்தது.

பின்னேரம் நண்பன் கரண்ட் பார்க்கிற மீற்றரோடு வந்தான். சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் போகிற வயர் ஒன்று உரசித் தோல் போய்த் தகரத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது பின்னும் அதற்கொரு நிலக்கம்பியும் இருந்திருந்தால் அந்தக் கரண்ட் அந்த வழியால் திரும்பிப்போய் பிரேக்கரை விழுத்தியிருக்கும் என்றான். வழி இல்லாதபடியால் தகரம் முழுக்க நின்று ஓர் ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறது. கராஜுக்கு நிலக்கம்பி உள்ள புதுப் பொயின்ற் போடும்வரை ஒன்றையும் கொழுவவேண்டாம் என்று சொன்னான். "நூற்றி இருபது எண்டு அங்கிள் சும்மா நினைக்காதீங்க. ஈரக் காலுக்கு இது காணும்" என்று மாமாவிடம் சொன்னான். நண்பன் போன பிறகு மாமா என்னிடம் வந்து, "அந்தப் பின்னைத் தா" என்றார். கொடுத்தேன். தன் காசுப் பையின் சில்லறை போடுகிற இடத்தில் வைத்து மூடினார். லண்டனில் அவர் அதை என்ன செய்தாரோ தெரியாது. அவர் சொல்கிற கதையில் மட்டும் அது வருவதில்லை.

ஏரிக்கரைக்குப் பிறகு போனோம். எல்லாம் திருத்தி, பரிசோதித்த பிறகு. அங்கே கரண்ட் கம்பத்தடியில் அத்தான் மீற்றரோடு நின்ற நேரம், அக்கா ட்ரெய்லரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் ஒன்று சொன்னாள்.

"அண்டைக்கு நான் கைபிடியைப் பிடிக்கேக்க உள்ளுக்க ஒருக்கா உதைச்சது. பிள்ளைதான் எண்டு நினைச்சன்."

"பேந்து?"

"பேந்து என்ன, பிள்ளைதான்" என்றாள். பிறகு என் காதைப் பிடித்துத் திருகினாள், வலிக்கும்படி. பிள்ளை இப்போது வீட்டில் தவழ்கிறாள். பிளக் பொயின்ற் எல்லாவற்றுக்கும் அத்தான் மூடி போட்டிருக்கிறார்.

எழுதி முடித்ததும் இதைப் படம் பிடித்து நண்பனுக்கு அனுப்பினேன். பெற்ற தாய் நம்பவில்லை, கூடப் பிறந்தவள் நம்பவில்லை, என்னால் அதிகம் ஏமாந்த நீ மட்டும் எப்படியடா உடனே நம்பினாய் என்றும் கேட்டேன்.

"போன் எடுத்த நேரம் நீ ஒரு பகிடியும் விடல்ல மச்சான், அதான் பயந்துட்டன்" என்று பதில் வந்தது.